விலை கொடுத்து வாங்காத தலைக்கவசம்

1977-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ திரைப்படத்தில் வெள்ளைக் கவசம் பூண்டு அணியணியாக வந்து நிற்கும் ஸ்டார்ம்ட்ரூப்பர் சிப்பாய்களின் தலைக்கவசத்தைப் பார்க்கிறவர்களுக்கு, அது ஏதோ ஒரு பெரிய தொழிற்சாலையில், ஏராளமான பொருட்செலவில் உருவாகியிருக்க வேண்டும் என்றே தோன்றும். உண்மையோ வேறு. ரால்ஃப் மக்குவாரி என்னும் ஓவியர் தீட்டிய சித்திரங்களை ஆதாரமாகக் கொண்டு, களிமண்ணில் வனையப்பட்ட உருவத்திலிருந்து எடுத்த அச்சின்மேல் சூட்டில் இளகிய பிளாஸ்டிக் தகட்டை விரித்து, அடியிலிருந்து காற்றை உறிஞ்சிவிட, தகடு அச்சின் மேடுபள்ளங்களில் ஒட்டிப் படிந்து இறுகிவிடும் எளிய முறையிலே, லண்டன் புறநகர்ப் பகுதியான ட்விக்கனத்தில் ஆண்ட்ரூ ஐன்ஸ்வொர்த் என்ற கைவினைஞர் தம் பட்டறையில் செய்து கொடுத்தவை அவை. படத்துக்கென்று முதலில் செய்தவை ஐம்பது. பிற்காலத்தில் அதே அச்சைக்கொண்டு அவர் தலைக்கவசங்கள் செய்து விற்கப்போய், பதிப்புரிமை விவகாரம் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அந்தத் தலைக்கவசம் சிற்பம் அன்று, திரைப்படம் என்ற கலைப்படைப்பை உருவாக்க உதவிய ஓர் உபகரணமே என்று 2011-இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வீட்டுத் திண்ணையில் அட்டையையும் பசையையும் வைத்துக்கொண்டு விண்வெளி வீரனின் தலைக்கவசம் செய்ய உட்காரும் பிள்ளைகளைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பு என் நினைவுக்கு வருகிறது. தாங்கள் செய்வது ஏதோ மகத்தான அசலுக்கு ஏழை வீட்டு நகல் என்ற கூச்சம் அவர்களுக்குச் சிறிதும் வேண்டியதில்லை. அசலும் கைக்குக் கிடைத்த சாதனங்களைக்கொண்டு அவசரத்தில் செய்யப்பட்ட பொருள்தான். அதே படத்தில் கதாநாயகன் ஏந்தும் ஒளிவாளின் பிடி, ரோஜர் கிறிஸ்டியன் என்ற அரங்க அலங்கார நிபுணர் லண்டனில் ஒரு புகைப்படக் கடையில் கண்டெடுத்த கிராஃப்லெக்ஸ் காமிராவின் பழைய ஃப்ளாஷ் கைப்பிடி. அதன்மேல் சில பட்டைகளை ஒட்டியதோடு வேலை முடிந்தது. இயக்குநர் ஜான் கார்ப்பென்டர் மாணவராக இருந்தபோது தொடங்கி 1974-இல் வெளியிட்ட ‘டார்க் ஸ்டார்’ படத்தில் வேற்றுக்கிரகப் பிராணியாக வந்தது, கடற்கரையில் குழந்தைகள் தட்டி விளையாடும் காற்றுப் பந்து. விண்வெளி உடைக்குரிய தலைக்கவசம் குழந்தைகளின் விளையாட்டுச் சாமான்.

ஆயினும் பணமின்மை எப்போதும் நற்பயனையே தரும் என்று நான் வாதிக்க வரவில்லை. 1953-இல் வெளிவந்த ‘ரோபாட் மான்ஸ்டர்’ என்ற படத்தில், மனிதக் குரங்கின் வேஷத்துக்கான உரோம உடுப்பின்மேல் முக்குளிப்பவரின் தலைக்கவசம் போன்ற ஒன்றைக் கவிழ்த்து, சந்திரனிலிருந்து வந்த எதிரி என்று காட்டியபோது, அது ஒரு தலைமுறைக்கே பரிகாசப் பொருளாயிற்று. வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவில் நிற்பது செலவு அன்று. செய்யப்போகும் வஸ்துவை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தோம் என்பதே.

அந்த உற்றுப் பார்த்தலைக் கைக்குக் கற்பிப்பது காகிதம். திரையில் கண்ட தலைக்கவசத்தின் முப்பரிமாண உருவைத் தட்டையான துண்டுகளாக விரித்துக் கொடுக்கும் பெப்பகுரா என்ற ஜப்பானிய மென்பொருளைக்கொண்டு, சற்றே தடித்த தாளில் அச்சிட்டு, எண்ணுக்கு எண் பொருத்தி ஒட்டிக்கொண்டு வருகிற ஒரு பதின்மூன்று வயதுச் சிறுமி, உச்சிக் குவட்டை அடைந்ததும் திகைத்து நிற்பாள். தாள் வளைய மறுக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் மறுபக்கம் எழும்பும். ஆப்பு வடிவில் வெட்டுகள் விட்டு, ஓரங்களைச் சேர்த்து ஒட்டினால்தான் குவடு உருப்பெறும். தட்டையான தளத்தை நீட்டாமலும் கிழிக்காமலும் கோளத்தின்மீது படியவைக்க முடியாது என்று 1827-இல் காவுஸ் என்ற கணித மேதை நிறுவிய உண்மை, உலக வரைபடம் வரைகிறவர்களை நூற்றாண்டுகளாக அலைக்கழித்துவரும் உண்மை, அவளுடைய கத்தரிக்கோலின் முனையில் பிரத்தியட்சமாகிறது. இந்த அனுபவத்தை எந்தப் பாடப்புத்தகம் இவ்வளவு சுருக்கமாகக் கொடுத்துவிடும்?

காகிதக் கூடு தயாரானபின் அதை உறுதிப்படுத்த வேண்டும். மேல்நாட்டார் பலர் உள்ளே ரெசினும் கண்ணாடி இழையும் பூசுகிறார்கள். அதன் ஆவி மூச்சுக்குக் கேடு, இழை தோலில் பட்டால் அரிப்பு, விலையும் அதிகம். நம் வீடுகளுக்கு உகந்த முறை, பழைய செய்தித்தாளைப் பட்டைகளாகக் கிழித்து, தண்ணீர் கலந்த ஃபெவிகாலில் நனைத்து, ஒரு அடுக்கு நன்றாகக் காய்ந்தபின் மறு அடுக்கு என்று பொறுமையாக ஒட்டுவது. புதுச்சேரியை அடுத்த திருக்கனூரில் இன்றும் உயிரோடிருந்து, புவிசார் குறியீடும் பெற்றிருக்கிற காகிதக்கூழ்க் கைவினை இதற்கு நெருங்கிய உறவு. பிறகு, சுவருக்குச் செய்வதைப் போலவே பட்டி பார்த்து, முதலில் முரட்டு உப்புத்தாளாலும் பின்னர் நைசான உப்புத்தாளாலும் தேய்த்து, பிரைமர் அடித்து, வர்ணம் பூச வேண்டும். தேய்க்கும்போது கண்ணை நம்பக்கூடாது. கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவினால் கண்ணுக்குத் தப்பிய மேடு தட்டுப்படும். தெர்மாக்கோலில் உருவம் செதுக்கியவர்கள் மட்டும் அதன்மேல் நேராக ஸ்ப்ரே வர்ணத்தை அடித்துவிடலாகாது. வர்ணத்திலுள்ள கரைப்பான் தெர்மாக்கோலை அரித்துக் குழியாக்கிவிடும். நடுவில் ஃபெவிகால் பூச்சு ஒன்று கொடுத்துக் காயவிட்டால் ஆபத்தில்லை.

தலை அளவைத் தலைச்சுற்றளவோடு நிறுத்திக்கொள்வதும் சாதாரணமாக நேரும் பிசகு. கவசம் தலைக்குப் பொருந்தும். ஆனால் கழுத்து வாய்வழியே மூக்கும் காதும் நுழையாது. பின்புறத்தைத் தனித் துண்டாக வெட்டி வெல்க்ரோ வைத்து மூடுவதே இதற்கு உபாயம். கண்ணுக்கு முன் பழைய எக்ஸ்ரே ஃபிலிம் துண்டு வைத்தாலே போதும். மூச்சுக்காற்றால் உட்புறம் பனி படியாதிருக்க வாயருகே தாராளமாகத் துளைகள் விட வேண்டும். எல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாயில் முடிகிற காரியம். இது வேஷத்துக்கான கவசமே அன்றி உயிரைக் காக்கும் கவசம் அன்று என்பதையும், இதை அணிந்துகொண்டு இருசக்கர வாகனத்தில் ஏறக்கூடாது என்பதையும் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைக்க வேண்டும்.

இத்தனை சிரமம் எதற்கு, ஆர்டர் போட்டால் நாளைக்கே வாசலில் வந்து இறங்குமே என்று கேட்கும் பெற்றோர்கள் பலர். குழந்தையின் நேரத்தை மிச்சப்படுத்துவதாக நினைத்துத்தான் அவர்கள் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் வாங்கிய கவசம் உடைந்தால் குப்பைக்குப் போகிறது. செய்த கவசம் உடைந்தால், எந்த ஒட்டு விட்டது என்று செய்தவனுக்குத் தெரிகிறது, அன்று மாலையே பழுது பார்க்கிறான். 1939 ஜூலையில் நியூயார்க்கில் கூடிய முதல் உலக விஞ்ஞானப் புனைகதை மாநாட்டுக்கு எதிர்கால மனிதரின் உடை தரித்து வந்தவர்கள் ஃபாரஸ்ட் அக்கர்மன், மிர்ட்டில் டக்ளஸ் என்ற இரு ரசிகர்கள். அவ்விரு உடைகளும் மிர்ட்டில் டக்ளஸ் தம் கையால் தைத்தவை. இன்று உலகமெங்கும் ‘காஸ்ப்ளே’ என்று பரவியுள்ள வேஷக்கலையின் ஆரம்பத்திலேயே, கடையில் வாங்காத கையுழைப்பு இருக்கிறது.

2024 பிப்ரவரியில் சென்னையிலும் முதன்முறையாக, இத்தகைய வேஷதாரிகள் கூடும் காமிக் கான் விழா நடந்தேறியது. பள்ளிகளில் மாறுவேடப் போட்டிகளோ வெகுகாலமாகவே உண்டு. இவற்றை நடத்துகிறவர்களுக்கு என் விண்ணப்பம் ஒன்று. மேடையேறும் நிமிஷத்தில் தெரியும் பளபளப்பை மட்டும் வைத்துப் பரிசு கொடுத்தால், பரிசு போய்ச் சேருவது பெரும்பாலும் பெற்றோரின் பணப்பைக்கே. சொந்தமாகச் செய்த வேஷங்களுக்குத் தனிப் பிரிவு வையுங்கள். செலவுக்கு ஓர் உச்சவரம்பு விதியுங்கள். கவசத்தைக் கழற்றி அதன் உட்புறத்தை நடுவர்களிடம் காட்டி, எந்த இடத்தில் எதை ஏன் ஒட்டினோம் என்று குழந்தையே விளக்கட்டும். மொத்த மதிப்பெண்ணில் பாதியை அந்த விளக்கத்துக்கு ஒதுக்குங்கள். வெளியே வர்ணம் திட்டுத்திட்டாக இருந்தாலும் உள்ளே ஒட்டு சீராக இருக்கும் கவசத்தைச் செய்த பிள்ளைக்கு, அப்போதுதான் நியாயமான இடம் கிடைக்கும்.