குகைக் கல்வெட்டும் நாற்பது ஆண்டு உழைப்பும்

திருவாதவூர் என்றதும் மாணிக்கவாசகர் பிறந்த ஊர் என்பதுதான் எல்லோர் நினைவுக்கும் வரும். அந்த ஊரையடுத்த குன்றில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளம் இருப்பதும், அங்கே பாறையில் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்துகள் வெட்டப்பட்டிருப்பதும் அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. நீண்ட கல்வெட்டு எதுவும் அங்கே இல்லை. இருப்பவை சிறு வரிகள்தான். மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி, ஆனைமலை, அழகர்மலை என்று மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளிலும் இப்படிப்பட்ட வரிகள் உள்ளன. மாங்குளம் கல்வெட்டை ராபர்ட் சீவல் 1882-இல் கண்டறிந்தார். இந்தக் கல்வெட்டுகள் அனைத்தையும் முறையாகப் படித்து, தேதியிட்டு, இலக்கணம் சொல்லும் நூல் 2003-இல்தான் வந்தது. இடைப்பட்ட 121 ஆண்டுகளில் கடைசி நாற்பதின் பெரும் சுமையை ஒருவர் சுமந்தார். அவர் ஐராவதம் மகாதேவன். தனிமனிதர் ஒருவர் நெடுங்கால இலக்கை எப்படி எட்டுகிறார் என்று கேட்பவர்களுக்கு மதுரை வட்டாரத்தில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆனால் அந்தச் சான்று, விடாமுயற்சி பற்றி நாம் வழக்கமாகச் சொல்லிவருவதை உறுதிப்படுத்தவில்லை.

பள்ளிக்கூட மேடையிலும் போட்டித் தேர்வுப் பயிற்சி வகுப்பிலும் நாம் சொல்வது இதுதான்: மனத்தில் உறுதி வேண்டும், ஒரே குறி வேண்டும், ஒருநாளும் கவனம் சிதறக் கூடாது. இந்த அளவுகோலை வைத்தால் மகாதேவன் தேறமாட்டார். வேதியியலும் சட்டமும் படித்து 1954-இல் இந்திய ஆட்சிப் பணியில் சேர்ந்தவர் அவர். கல்வெட்டு அவருடைய தொழிலும் இல்லை, படிப்பும் இல்லை. கைத்தறித் துறைக்கு இயக்குநராக இருந்த 1960-களில்தான் குகைகளைத் தேடிப் போனார். 1965-இல் மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயரையும் புகளூரில் சேரல் இரும்பொறை மரபினரின் பெயர்களையும் அடையாளம் காட்டினார். 1966-இல் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளின் முதல் தொகுப்பை அளித்தார். அதன்பின் குகைகளை விட்டு விலகினார். 1970-இல் நேரு நல்கை கிடைத்ததும் சிந்துவெளி எழுத்துக்குப் போனார். 1977-இல் அந்த எழுத்துகளுக்கான பெரிய தொடரடைவு வெளிவந்தது. 1980-இல் விருப்ப ஓய்வு. 1987 முதல் 1991 வரை ‘தினமணி’ ஆசிரியர். நாளிதழ் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தவருக்குக் குகைக் கல்வெட்டு பற்றி யோசிக்க எவ்வளவு நேரம் மிஞ்சியிருக்கும்? ஆக, கால் நூற்றாண்டு இடைவெளி. 1990-களில், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, மறுபடி ஒவ்வொரு குன்றாக ஏறி, முன்பு படித்தவற்றைக் கல்லிலேயே மீண்டும் சரிபார்த்தார். 2003-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகமும் சென்னை க்ரியாவும் சேர்ந்து அவருடைய நூலை வெளியிட்டன. அப்போது அவருக்கு வயது 72. விரிவாக்கிய மறுபதிப்பு 2014-இல் வந்தது.

இதில் நான் காண்பது, தடங்கலே இல்லாத ஒரு நேர்கோட்டை அன்று. நீண்ட தடங்கலுக்குப் பிறகும் வேலையை மீண்டும் கையில் எடுக்க முடிந்ததைத்தான். நெடுங்கால இலக்கை எட்டுகிறவர்களையும் கைவிடுகிறவர்களையும் பிரிப்பது இந்தத் திறன் என்பது என் வாதம். வேலை, திருமணம், பிள்ளைகள், பெற்றோரின் நோய், கடன் என்று எவருடைய வாழ்க்கையிலும் பத்தாண்டுக்குள் நாலு தடங்கலாவது வரும். தடங்கலைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளும்படி பழக்கப்பட்டவர், முதல் தடங்கலிலேயே ‘நமக்கு இது சரிப்படாது’ என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். ‘ஒருநாளும் தவறாதே’ என்ற அறிவுரை அவருக்குத் துணை செய்வதற்குப் பதிலாக, தவறிய மறுநாள் அவரை வெளியே தள்ளுகிறது.

மகாதேவனால் எப்படித் திரும்ப முடிந்தது? அவர் எடுத்துக்கொண்ட கேள்வி தெளிவாக வரையறுக்கப்பட்டிருந்தது. இந்த எழுத்துகளை வடநாட்டுப் பிராமியைப் போலவே படித்தால் சொற்கள் வேண்டாத உயிரொலிகளோடு, எந்த மொழியிலும் சேராத வடிவில் நின்றன. கே.வி. சுப்பிரமணிய ஐயர் 1924-இலேயே இவை தமிழ் என்றும், ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனி எழுத்துகள் இருக்கின்றன என்றும் காட்டியிருந்தார். மெய்யெழுத்தையும் அகர உயிர்மெய்யையும் வேறுபடுத்த அந்தக் காலத்தவர் காலந்தோறும் என்ன முறைகளைக் கையாண்டார்கள், புள்ளி எப்போது நுழைந்தது என்பதே எஞ்சிய சிக்கல். அதை வகைப்படுத்தியதில் மகாதேவனின் பங்கு பெரிது. இப்படி வரையறுத்த கேள்வியை ஐந்தாண்டு கழித்து எடுத்தாலும் அது அதே இடத்தில்தான் இருக்கும். ‘பெரிய அறிஞராக வேண்டும்’ என்பது இலக்காக இருந்திருந்தால், நாளிதழ் அலுவலகத்தின் முதல் ஆண்டிலேயே அது கரைந்திருக்கும். இன்னொன்று, ஒவ்வொரு கட்டத்திலும் அவர் பிறர் எடுத்துப் பயன்படுத்தத் தக்க ஒன்றை முடித்து வைத்துவிட்டு நகர்ந்தார். 1966 தொகுப்பு அப்படிப்பட்டது. அதில் பிழைகள் இருந்தன. பின்னர் அவரே திருத்தினார். முழுமை வரும்வரை வெளியிடுவதில்லை என்று காத்திருந்தால், திரும்பி வரும்போது திருத்துவதற்கே எதுவும் இருந்திருக்காது.

உளவியல் ஆய்வுகளும் இதற்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கின்றன. நெடுங்கால இலக்கில் ஊன்றி நிற்கும் குணமே வெற்றிக்குக் காரணம் என்ற கருத்தை அமெரிக்க உளவியலாளர் ஏஞ்சலா டக்வொர்த்தும் உடன் ஆய்வாளர்களும் 2007-இல் முன்வைத்தார்கள். அந்தக் குணத்துக்கு அவர்கள் இரண்டு கூறு சொன்னார்கள்: உழைப்பில் தளராமை, ஆர்வம் மாறாமை. பத்தாண்டு கழித்து, மார்க்கஸ் கிரேடேயும் உடன் ஆய்வாளர்களும் 66,000-க்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்தார்கள். இந்தக் குணம் பொறுப்புணர்வு என்று முன்பே அறியப்பட்ட பண்போடு பெரிதும் ஒத்துப்போகிறது, வெற்றியோடு அதற்குள்ள தொடர்பு பேசப்பட்ட அளவுக்கு வலுவாக இல்லை என்று 2017-இல் வந்த அவர்களின் கட்டுரை காட்டியது. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, தளராத உழைப்பு ஓரளவு பயன் தருகிறது, ஆர்வம் மாறாமல் இருப்பது அந்த அளவுக்குத் தருவதில்லை என்ற அவர்களின் கண்டுபிடிப்பு. ஆர்வம் அலைபாயலாம், உழைப்பு திரும்பி வந்தால் போதும். பீட்டர் கோல்விட்சரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்து 2006-இல் காட்டியது இன்னும் எளியது. ‘படிக்க வேண்டும்’ என்று உறுதி பூண்டவர்களைவிட, ‘சாப்பிட்டு முடித்ததும் இந்த மேசையில் இந்தப் பாடத்தை எடுப்பேன்’ என்று இடமும் வேளையும் முன்கூட்டியே குறித்தவர்கள் செய்து முடிப்பது அதிகம். மனநிலையை வளர்ப்பது என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இப்படிப்பட்ட ஏற்பாடுதான். பிறவியிலேயே உறுதி படைத்தவர், இல்லாதவர் என்று பிள்ளைகளைப் பிரித்துப் பேசும் வழக்கத்தை ஆசிரியர்கள் விட்டுவிட வேண்டும். அந்தப் பேச்சு எத்தனையோ பிள்ளைகளைக் கெடுத்திருக்கிறது.

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும்: தவறான இலக்குக்கும் மனிதர்கள் திரும்பத் திரும்பத்தானே போகிறார்கள்? 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் சுமார் 20 லட்சம் பேர். ஆறேழு ஆண்டு இதையே எழுதிக்கொண்டிருப்பவரிடம் ‘இன்னும் ஒருமுறை’ என்று சொல்வது அன்பாகத் தெரியலாம். அது அவருடைய இருபதுகளையே தின்றுவிடும். கைவிடத் தெரிவதும் ஒரு திறன்தான். எட்டாத இலக்கை விட்டு வேறொன்றைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களின் மனநலம் மேலாக இருக்கிறது என்று கார்ஸ்டன் ரோஷின் ஆய்வுகள் கூறுகின்றன. இதை நான் முழுதாக ஏற்கிறேன். எனினும் எல்லா இலக்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை இல்லை. சிந்துவெளி எழுத்தைப் படித்துவிட்டதாக மகாதேவனால் கடைசிவரை நிறுவ முடியவில்லை. 2018-இல் அவர் மறைந்தபோதும் அந்தப் புதிர் தீராமல்தான் இருந்தது. அதற்காக அந்த ஆண்டுகள் வீண் என்று எவரும் சொல்லமாட்டார். அவருடைய 1977 தொடரடைவை அவரோடு உடன்படாதவர்களும் எடுத்து ஆள்கிறார்கள். தேர்வுக்குப் படிப்பவரும் இந்தக் கேள்வியைக் கேட்டுக்கொள்ளலாம்: இந்த ஆண்டு இடம் கிடைக்காவிட்டால் என் கையில் என்ன மிஞ்சும்? தட்டச்சுச் சான்றிதழோ, கணக்குப் பதிவியலோ, ஒரு பட்டமோ, பிறருக்குச் சொல்லித்தரும் அளவுக்குக் கணிதமோ மிஞ்சினால் தொடரலாம். தரவரிசை எண் ஒன்றுதான் மிஞ்சும் என்றால், கடைசி முயற்சிக்கான தேதியை இப்போதே வீட்டாரோடு பேசி முடிவு செய்துவிடுவது நல்லது.

இதைவிடக் கனமான மறுப்பு வேறு. மகாதேவன் மாதச் சம்பளம் வாங்கியவர், அதிகாரி, கதவுகள் திறந்திருந்தவர். திருவாதவூர்ப் பக்கத்தில் ஒருபோக நிலத்தை வைத்துக்கொண்டு பெரியாற்றுக் கால்வாய்த் தண்ணீருக்காகக் காத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வது எப்படிப் பொருந்தும்? இந்தக் கேள்விக்கு விடை நம் மாநிலத்திலேயே கிடைத்திருக்கிறது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகளை, அறுவடைக்கு முன்பும் பின்பும், ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நால்வர் ஆராய்ந்து 2013-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். அறுவடைக்கு முன்பு நூற்றுக்கு 78 பேர் எதையாவது அடகு வைத்திருந்தார்கள். பின்பு 4 பேர்தான். அதே மனிதர்கள் அறிவுக்கூர்மைத் தேர்வில் அறுவடைக்கு முன்பு குறைவாகவும் பின்பு கூடுதலாகவும் எடுத்தார்கள். ஆளும் மாறவில்லை, அவருடைய மனவுறுதியும் மாறவில்லை. கையில் காசில்லாத கவலை அவருடைய கவனத்தை எடுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். எனவே ஏழைப் பிள்ளையிடம் போய் ‘உனக்கு உறுதி போதவில்லை’ என்று சொல்வது உண்மைக்கும் புறம்பானது, அநியாயமும்கூட. விடாமுயற்சி பிறவிக் குணம் என்று நம்புகிறவருக்கு இந்த ஆய்வு சங்கடம் தரும். அது ஏற்பாட்டால் அமைவது என்று கருதுகிறவருக்கு, அந்த ஏற்பாட்டில் பாதி தனிமனிதர் கையில் இல்லை என்பதைத்தான் இது சொல்கிறது.

அந்தப் பாதியை ஊரும் அரசும் செய்தாக வேண்டும். 2023-இல் மதுரையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் பெரிய கொடை. ஆனால் மேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து அங்கே போய்வர ஒரு மாணவிக்குப் பேருந்தும் பொழுதும் வேண்டும். வயல் வேலையும் வீட்டு வேலையும் முடிந்த பிறகு, இரவு எட்டு மணி வரையாவது ஊர்ப்புற நூலகம் விளக்கோடும் ஓர் ஆளோடும் திறந்திருந்தால் அவளுக்கு நிலையான இடமும் வேளையும் கிடைக்கும். கட்டணத்திலும் இதே பார்வை தேவை. ஒருபோக நிலத்தில் நெல் கைக்கு வருவது தை, மாசியில். கல்லூரிகள் பணம் கேட்பதோ ஆனி, ஆடியில், வீட்டில் ஏதும் இல்லாத மாதங்களில். படிப்பை நிறுத்திய பல பிள்ளைகளின் கதை அந்த மாதங்களில்தான் தொடங்குகிறது. ஒருபோகப் பகுதி மாணவர்களின் கட்டணத்தை அறுவடை மாதத்துக்குத் தள்ளிவைத்து வாங்கவும், ஓராண்டு விடுபட்டவர் அதே வகுப்பில் மறுபடி சேரவும் கல்லூரிகள் வழி செய்ய வேண்டும். இதற்குப் புதிய நிதி எதுவும் வேண்டாம். கல்லூரி அலுவலகத்தின் நாட்காட்டியைச் சற்று மாற்றி எழுதினால் போதும்.