ஒரு கட்டம் காலியாக இருக்கட்டும்

1982-ஆம் ஆண்டில் ஜப்பானின் கொனாமி நிறுவனம் உருவாக்கிய 'லோகோ மோஷன்' என்னும் ரயில் விளையாட்டை இன்று கணினித் திரையில் மீண்டும் ஆடிப் பார்க்கிறவர்களுக்கு, அதன் எளிய வர்ணங்களையும் சின்னஞ்சிறு உருவங்களையும் மீறிப் புலப்படுவது, அதனை அமைத்தவர்களின் சிந்தனைத் தெளிவே ஆகும். தண்டவாளத் துண்டுகள் வரைந்த சதுரங்கள் பலகையெங்கும் நிரம்பியிருக்கின்றன. ஓரத்து நிலையங்களில் பிரயாணிகள் காத்திருக்கிறார்கள். ரயிலோ நிற்பதே இல்லை. காலியாக விடப்பட்ட கட்டத்திற்குள் பக்கத்துச் சதுரத்தை நகர்த்தி, நகர்த்தி, வண்டி வந்து சேர்வதற்குள் பாதையை இணைத்து, அந்தப் பிரயாணிகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதே ஆட்டம்.

பதினாறு கட்டங்களில் 15 எண்களை நகர்த்தி வரிசைப்படுத்தும் பழைய புதிர், 1880-இல் அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் மோகத்தில் ஆழ்த்தியது. லோகோ மோஷன் அதன் வம்சத்தைச் சேர்ந்ததே எனினும், முன்னதில் வேண்டுமட்டும் யோசிக்க அவகாசம் இருந்தது. இதில் ரயில் ஓடிக்கொண்டே இருப்பதால், யோசனைக்கும் காலத்திற்கும் ஓயாத போட்டி நிகழ்கிறது. வண்டிக்கு நேர் முன்னால் உள்ள வளைவை மட்டும் பார்ப்பவன் விரைவில் தோற்கிறான். அதற்கு அப்பாலுள்ள வளைவுகளையும் மனத்தில் கொண்டு, காலிக் கட்டத்தை நிதானமாகத் தனக்குத் தேவையான இடத்திற்குக் கொண்டுவருபவனே வெற்றி பெறுகிறான்.

இந்த விளையாட்டின் தத்துவத்தை உணர்வதற்குத் திருச்சிராப்பள்ளியைக் காட்டிலும் பொருத்தமான ஊர் ஒன்று இருக்குமா என்பது சந்தேகமே. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சை வரை வந்த இருப்புப்பாதை 1862-இல் இவ்வூரை எட்டியது. இன்று தஞ்சாவூர், விழுப்புரம், கரூர், திண்டுக்கல், புதுக்கோட்டை ஆகிய ஐந்து திசைகளின் பாதைகளும் இங்கே சந்திக்கின்றன. ஜங்ஷனை விட்டுப் புறப்படும் சென்னை வண்டி, பொன்மலையில் தஞ்சைப் பாதையைப் பிரிந்து, டவுன் ஸ்டேஷனைத் தாண்டி, காவிரியைக் கடந்து ஸ்ரீரங்கத்தையும், கொள்ளிடத்தைக் கடந்து அக்கரையையும் அடைய வேண்டுமானால், ஒவ்வொரு பகுதியிலும் முன்னால் உள்ள தண்டவாளம் காலியாக இருக்கிறதென்று நிச்சயிக்கப்பட்ட பின்னரே சிக்னல் வழிவிட முடியும். ஒற்றைப் பாதைகளில் டிரைவர் கை நீட்டி வாங்கிச் சென்ற டோக்கன் வளையமும் இந்த உறுதியையே அளித்தது. ஒரு பகுதிக்கு ஒரு சமயத்தில் ஒரே டோக்கன்தான் வெளிவரும் என்பதால், எதிரே வேறு வண்டி வர வழியில்லை. ஆதலால், ரயில்வே என்னும் மாபெரும் யந்திரம் நகர்வதற்கும் காலியிடமே ஆதாரம் என்ற உண்மையை, இந்த விளையாட்டின் சிறு பலகை குழந்தைக்கும் விளங்கும்படி பிரத்தியட்சமாகக் காட்டிவிடுகிறது.

திருச்சி ஜங்ஷன் அருகே 2014-இல் திறக்கப்பட்ட ரயில்வே அருங்காட்சியகத்தில், பழைய எஞ்சினையும் கருவிகளையும் கண்டு வியக்கும் சிறுவர்களுக்கு, அவற்றை இயக்கியவர்களின் மனம் எவ்விதம் உழைத்தது என்பதை உணர்த்தவும் ஓர் ஏற்பாடு வேண்டும். உரியவர்களின் அனுமதியைப் பெற்று இந்த விளையாட்டை அங்கே ஒரு கணினியில் வைத்து, அதன் பக்கத்திலேயே பாயிண்டை மாற்றிச் சிக்னல் இறக்கிப் பழகும் சிறிய மாதிரிப் பலகை ஒன்றையும் அமைத்தால், செலவு சொற்பமாகவும் பயன் பெரிதாகவும் இருக்கும். வீடியோ விளையாட்டுகள் பிள்ளைகளின் பொழுதைக் கொல்கின்றன என்று பெற்றோர் கவலைப்படுவது நியாயமே. ஆயினும், முன்யோசனையையும் பதற்றமின்மையையும் சேர்த்துப் பயிற்றும் ஒரு விளையாட்டை அந்தக் கவலையின் பேரில் புறக்கணிப்பது நியாயமாகாது. ஸ்டேஷன் மாஸ்டர்களும் கேபின் ஊழியர்களும் தலைமுறை தலைமுறையாக இந்த ஊரில் செய்துவந்த அறிவுத் தொழிலுக்கு, அவர்கள் பேரப்பிள்ளைகளின் விரல்களில் மரியாதை செய்விக்க இதைவிட இனிய உபாயம் கிடையாது என்பதே என் உறுதியான அபிப்பிராயம்.