விலை சொல்ல முடியாத தொழில்

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்யும் பட்டறைக்காரரிடம் வீடு கட்டுகிறவர் முதலில் கேட்பது, ‘சதுர அடி என்ன விலை?’ என்றுதான். சாதாரணக் கேள்விதான், ஆனால் பட்டறைக்காரருக்கு அதைவிடச் சிக்கலானது இல்லை. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை ஊற்றி, அதன்மேல் சிமெண்டும் மணலும் போட்டு, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைக்கும் கைவேலை அது. சூளை கிடையாது. இன்றைக்குச் சொன்ன விலைக்கே, தளம் போடும் நாளில் கல்லை இறக்கியாக வேண்டும். அதற்குள் சிமெண்ட், மணல், லாரி வாடகை எங்கே போய் நிற்கும்? கூட்டிச் சொன்னால் ஆர்டர் போய்விடும். குறைத்துச் சொன்னால் கைக்காசு கரையும்.

நட்டம் வந்தால் சிறுதொழில்காரர் எப்படியோ சமாளித்துவிடுவார். என்ன வரப்போகிறது என்றே தெரியாத நிலைதான் அவரை முடக்குகிறது. புதிதாக ஆள் சேர்க்கத் தயங்குவார், சரக்கு வாங்கிப் போட அஞ்சுவார்.

2021 நவம்பரில் துணிக்கான ஜிஎஸ்டி 5 சதவீதத்திலிருந்து 12 ஆகும், 2022 ஜனவரி 1 முதல் அமல் என்று அறிவித்தார்கள். டிசம்பர் 31 அன்று, முந்தின நாள், நிறுத்திவைத்தார்கள். பொங்கலுக்குச் சரக்கு எடுக்கும் காலம் அது. எந்த வரியில் விலை போடுவது என்று கண்டாங்கிச் சேலை நெய்கிறவருக்கும் தெரியாது, அவரிடம் வாங்கும் கடைக்காரருக்கும் தெரியாது. வரி ஏறவே இல்லை, சரி. அந்த ஆறு வாரத்தை யார் திருப்பித் தருவது?

ஆத்தங்குடி இருக்கும் காரைக்குடிப் பக்கத்துக்கு இந்த நிச்சயமின்மை புதிதல்ல. இங்கிருந்து பர்மாவுக்கு வட்டித்தொழில் செய்யப் போன நகரத்தார், அதாவது செட்டியார்கள், ரங்கூனில் மொகல் தெருக் கோயிலில் மாதந்தோறும் கூடி நடப்பு வட்டியை முடிவு செய்தார்கள். தனி ஆளாக யாரும் இருட்டில் தடவ வேண்டியிருக்கவில்லை. அந்தக் கட்டுக்கோப்பையும் 1930இல் தொடங்கிய நெல்விலைச் சரிவு உடைத்தது. கடனைக் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம் கைமாறியது. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 6 சதவீதமாக இருந்த செட்டியார் நிலம், சில ஆண்டுகளில் 25 சதவீதமானது. பர்மிய விவசாயிக்கு அது வாழ்வாதாரம் போன துயரம். செட்டியாருக்கோ, சுழல வேண்டிய மூலதனம் வயலில் முடங்கியது. 1942இல் போர் வந்தது, 1948இல் நில தேசியமயச் சட்டம் வந்தது; அந்த நிலமும் கைவிட்டுப் போனது.

கூடிப் பேசி வட்டி வைத்தவர்களுக்கே அந்தக் கதி. இன்றைய பட்டறைக்காரருக்கு அப்படி ஒரு கூட்டமும் இல்லை. விற்ற கல்லுக்குப் பணம் எப்போது வரும் என்பதும் நிச்சயமில்லை. சிறு உற்பத்தியாளருக்கு, வாங்குகிறவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு வட்டி என்கிறது 2006ஆம் ஆண்டுச் சிறுதொழில் சட்டம். ஆனால் புகார் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயத்தில் பலர் வாய் திறப்பதில்லை.

வரியை மாற்றுவதென்றால் அரசு நாள் குறித்து முன்கூட்டியே சொல்லட்டும், சொன்னதில் நிற்கட்டும். ஆத்தங்குடிக் கல்லுக்கு ஆர்டர் கொடுப்பவர்களே, பாதிப் பணத்தை முன்பணமாகக் கொடுங்கள். மீதியைக் கல் இறங்கிய அன்றே கொடுத்துவிடுங்கள்.