போலந்துக்காரர் ஆட்டமும் நம் சங்கத்து மேளமும்



சென்ற மாதம் நம் சங்கத்தின் செயற்குழுவில் சூடான விவாதம் ஒன்று நடந்தது. நம் பிள்ளைகளின் கலைக்குழுவுக்குப் பறை, உடுப்பு, மைக் செட்டு எல்லாவற்றையும் தாமே வாங்கித் தருவதாக அரசியல் பிரமுகர் ஒருவர் சொல்லியனுப்பியிருக்கிறார். பதிலுக்கு அவர் கேட்பது இரண்டே இரண்டுதான்: மேடையில் அவர் படம் இருக்க வேண்டும், அவர் கூப்பிடும் கூட்டத்துக்கெல்லாம் குழு வந்து ஆட வேண்டும். "சும்மா வருவதை ஏன் விடுவானேன்?" என்றனர் சிலர். "வேண்டவே வேண்டாம்" என்றனர் வேறு சிலர்.

நாம் ஒரு முடிவுக்கு வருமுன், நம்மைப் போலவே ஊரைவிட்டுப் போன மக்கள் இதே கேள்வியை எப்படிச் சந்தித்தார்கள் என்று பார்ப்போம். நாம் சொல்வது போலந்துக்காரர்களை.

போலந்து நாட்டை ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்ற மூன்று வல்லரசுகள் 1772 தொடங்கி 1795க்குள் பங்கு போட்டு விழுங்கிவிட்டன. பிறகு 123 ஆண்டுகள், அதாவது 1918 வரை, சுதந்திரப் போலந்து என்று ஒன்று இல்லை. பிழைப்புத் தேடி ஜெர்மனியின் ரூர் பகுதி நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போன போலந்துக் கூலிகள் அங்கே பாடகர் சங்கம் வைத்தார்கள், உடற்பயிற்சிச் சங்கம் வைத்தார்கள். 1902இல் போகும் நகரில் தங்களுக்கென்று தொழிற்சங்கமும் கண்டார்கள். 1908இல் ஜெர்மன் அரசு, பொதுக்கூட்டங்களில் ஜெர்மன் மொழிதான் பேச வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தது. கூலிக்காரன் தன் மொழியில் கூடினால் அரசுக்கு ஏன் அத்தனை பயம்? சேர்ந்து பாடுகிறவன் நாளை சேர்ந்து கூலி கேட்பான் என்பதால்தானே!

இரண்டாம் உலகப் போரில் அந்த மக்கள் மறுபடி சிதறினார்கள். ரயில்வேயில் இருக்கும் நமக்குக் கோலாப்பூர் - மீரஜ் பாதையில் உள்ள வளிவடே ஸ்டேஷன் தெரியும். 1943 முதல் 1948 வரை அங்கே ஏறக்குறைய 5,000 போலந்து அகதிகள் முகாமில் இருந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் பிள்ளைகளும். அங்கிருந்து பலர் கப்பலேறிப் பிரிட்டனுக்குப் போனார்கள். போர் முடிந்து ஊர் திரும்ப மனமில்லாத போலந்துச் சிப்பாய்களும் அங்கேதான் தங்கினார்கள். அவர்களுக்காகவே 1947இல் பிரிட்டன் தனிச் சட்டம் இயற்றியது.

அப்படிக் குடியேறியவர்கள் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்குத் தாய்மொழிப் பள்ளி நடத்தினார்கள். அதோடு ஆட்டக் குழுக்களையும் தொடங்கினார்கள். மாதா கோயில் கூடத்தில் வாரம் ஒரு மாலை ஒத்திகை. சம்பளம் யாருக்கும் கிடையாது. நேற்று ஆடிய பெண் இன்று சிறுசுகளுக்குச் சொல்லித் தருவாள். பூவேலை செய்த உள்சட்டையைத் தாய்மார் தைப்பார்கள். சிவப்பு மணிமாலை வீட்டிலிருந்து வரும். கிராக்கோவ் பக்கத்து ஆண்கள் தொப்பியில் செருகுவது என்ன தெரியுமா? நம் ஊர் மயிலிறகு! மெல்ல நடக்கும் போலோனேஸ், சுற்றிச் சுழலும் ஒபெரெக், துள்ளும் கிராகோவியாக், இன்னும் மஸூர், குயாவியாக் என்று ஐந்து ஆட்டங்களை அவர்கள் தேசிய ஆட்டங்களாகப் போற்றுகிறார்கள். இவற்றில் போலோனேஸ் ஆட்டத்தை யுனெஸ்கோ 2023இல் உலகப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

இனி நம் விவாதத்துக்கு வருவோம். போருக்குப் பின் வார்சாவில் அமைந்த கம்யூனிஸ்ட் அரசு நாட்டுப்புறக் கலைக்குக் கஜானாவைத் திறந்துவிட்டது. 1948இல் 'மஸோவ்ஷே' என்ற அரசாங்கக் குழு பிறந்தது. வெளிநாட்டில் வாழும் போலந்துக்காரரோடு உறவு கொண்டாட 1955இல் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1969 முதல் ஜெஷூவ் நகரில் வெளிநாட்டுக் குழுக்களுக்கென்றே திருவிழா நடத்தினார்கள். ஆனால் லண்டன் போலந்துக்காரரில் பலர் அந்த அரசை அரசென்றே ஒப்புக்கொள்ளாதவர்கள். அந்த உறவு கூடாது, அது வலை என்றது ஒரு தரப்பு. பாட்டு மக்களுடையது, அரசாங்கத்தினுடையது அல்ல என்றது மறு தரப்பு. சண்டை நெடுநாள் ஓயவில்லை.

கடைசியில் என்ன ஆயிற்று? 1989இல் அந்த ஆட்சி போயிற்று. ஆட்டக் குழுக்கள் போகவில்லை! வார்சாவிலிருந்து பாட்டு வந்தது, அடவு வந்தது, கற்றுக்கொண்டார்கள். ஆனால் கூடத்துக்கு வாடகை கொடுத்ததும், உடுப்புத் தைத்ததும், வேலை முடித்து வந்து சொல்லிக்கொடுத்ததும் பெரும்பாலும் அவர்கள் வீட்டாரே. ஆதலால் ஆட்சி கவிழ்ந்தபோது கூடவே கவிழ வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

ஆட்டம் எல்லாவற்றையும் காத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. அங்கும் மூன்றாம் தலைமுறையில் பாட்டை மனப்பாடமாகப் பாடிவிட்டு ஆங்கிலத்தில் பேசிக்கொள்ளும் பிள்ளைகள் உண்டு. ஆட்டத்தோடு எழுத்தும் கற்றுத்தர வேண்டும் என்பது அதிலிருந்து நமக்குப் பாடம்.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்றார்கள் நம் பெரியவர்கள். இன்று பிரமுகர் காசில் பறை வாங்கினால், நாளை குடிசை இடிக்க வரும்போது, ரேஷன் கார்டை மறுக்கும்போது, அவர் வீட்டு வாசலில் நின்று அதே பறையை அடிக்க நமக்குத் துணிவு வருமா? வராது. அவர் படத்தின் கீழே ஆடிப் பழகிய பிள்ளைகள், அவரை எதிர்த்துக் கேட்கும் இடத்தில் வாய் திறக்கமாட்டார்கள்.

"காசுக்கு எங்கே போவது?" என்று கேட்பது நியாயமே. நம் யோசனை இது: வீட்டுக்கு மாதம் 20 ரூபாய். தையல் தெரிந்த தாய்மார் ஞாயிறு பிற்பகல் இரண்டு மணி நேரம். முதலில் இரண்டே பறை போதும். மைக் செட்டு அடுத்த வருஷம் வரட்டும். கற்றுக்கொடுக்க யார் வந்தாலும், எந்தக் கட்சிக்காரராயிருந்தாலும், கும்பிட்டு வரவேற்போம். பணப்பையோடு வந்தால் ஒரு டீ கொடுத்து அனுப்பிவைப்போம்.

பொதுக்குழு கூடும்போது இதை வாக்குக்கு விடப்போகிறோம். நம் கருத்துக்கு மாறானவர்களும் தவறாமல் வர வேண்டும். வரும்போது பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். அவர்கள் மேளத்தைப் பற்றித்தானே பேசப்போகிறோம்!