ஏஜென்சியின் குற்றத்துக்குப் பிள்ளைக்குத் தண்டனையா?

‘சொறிக்கல்முனைப் பிள்ளைக்கு வெளிநாட்டுப் படிப்பு எதற்கு? ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்க, வயலை விற்றா போகவேண்டும்?’ என்கிறார்கள். வயல் விலைபோவது எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தக் கோபம் பாயவேண்டியது வெளிநாட்டுக்கு அனுப்புவதாகக் காசு பிடுங்கும் ஏஜென்சிகளின் மேல், படிக்கத் துடிக்கும் பிள்ளையின் மேல் அல்ல.

வயலை விற்காமலும் போகலாம். ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் புலமைப்பரிசில் கல்விக் கட்டணம், மாதப்படி, விமானச் சீட்டு எல்லாவற்றையும் தருகிறது. இந்திய அரசும் இலங்கை மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்குகிறது. ஜெர்மனியின் அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கற்பிப்புக் கட்டணமே இல்லை. ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவை, 2024 செப்டெம்பர் முதல் 11,904 யூரோவை, வங்கி முடக்கக் கணக்கில் காட்டவேண்டும். இது சின்னத் தொகை அல்ல. இவற்றையெல்லாம் உயர்தர வகுப்பிலேயே விளக்கிச் சொல்லாமல் ‘போகாதே’ என்பது என்ன நியாயம்?

‘போனவர் திரும்பமாட்டார்’ என்பது அடுத்த வாதம். காரைதீவில் பிறந்த விபுலாநந்தர் 1931இல் தமிழ்நாட்டின் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார். அவர் போனது கற்பிக்க, உண்மைதான். ஆனால் 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தமர்ந்தார். அவருக்கு இங்கே ஒரு கதிரை இருந்தது. இன்று பட்டத்தோடு வருபவருக்கு அம்பாறை மாவட்டத்தில் என்ன வேலை வைத்திருக்கிறோம்? முதலில் அதற்குப் பதில் சொல்லுங்கள்.