பாசமலரும் விடுதலைப் பத்திரமும்

எத்தனை தடவை பார்த்தாலும் அழ வைக்கிற படம் எதுன்னு கேட்டா ஆளுக்கு ஒரு லிஸ்ட் வெச்சிருப்பாங்க. என்கிட்டயும் இருக்கு. மூன்றாம் பிறை கடைசி ரயில்வே ஸ்டேஷன். மகாநதியில் கமல் கல்கத்தாவில் மகளைத் தேடிக் கண்டுபிடிக்கிற இடம். தவமாய் தவமிருந்து படத்துல ராஜ்கிரண் வர்ற பாதி சீன். பரியேறும் பெருமாள்ல அந்த அப்பாவை அவமானப்படுத்தி விரட்டுற இடம். இதுக்கெல்லாம் கண்ணு கலங்கலைன்னா டாக்டரைத்தான் பார்க்கணும்.

ஆனா எங்க சேலம், நாமக்கல் பக்கம் இதுக்கெல்லாம் மேல ஒரு தனி சாதி அழுகை உண்டு. அண்ணன் தங்கச்சி படம். லாரி பட்டறை வெச்சிருக்கிற முரட்டு ஆளு, வட்டிக்குக் கொடுத்து வாங்குறவரு, பொண்டாட்டி முன்னாடி சிரிக்கக்கூட யோசிக்கிறவரு.. டிவியில பாசமலர் கடைசி அரை மணி நேரம் ஓடுனா துண்டை எடுத்து மூக்கைச் சிந்துவாரு. கேட்டா "தூசி விழுந்துருச்சு"ம்பாரு. வீட்டுக்குள்ள, ஃபேன் கூட ஓடாத நேரத்துல, எங்கிருந்துதான் வருமோ அந்தத் தூசி!

இந்த அழுகையைப் பத்தி எனக்கு ரொம்ப நாளா ஒரு கருத்து உண்டு. கொஞ்சம் கசப்பான கருத்து. அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை.

முதல்ல பாசமலர். 1961ல வந்தது. பீம்சிங் டைரக்‌ஷன், ஆரூர்தாஸ் வசனம், சிவாஜி, சாவித்திரி, ஜெமினி. அடுத்த வருசமே இந்தியில ராக்கி, தெலுங்குல ரக்த சம்பந்தம்னு போயிடுச்சு. அறுபது வருசம் தாண்டியும் "பெரிய பாசமலர் அண்ணன்"னு சொன்னா விளக்கம் தேவையில்லை. ஒரு படத்தோட பேரு மொழிக்குள்ள போய் உக்கார்றது லேசுப்பட்ட விசயமா?

கடைசியில ஒரு தீபாவளிக்கு அண்ணன் திரும்பி வருவாரு. தங்கச்சி குழந்தையைப் பட்டாசுல இருந்து காப்பாத்தி கண்ணை இழப்பாரு. ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டே செத்துப் போவாங்க. ஊரே அழும். நானும் அழுவேன்.

ஆனா படத்தோட ஆரம்பத்துல ஒரு சங்கதி இருக்கு, அதை யாரும் ஞாபகம் வெச்சுக்கறதில்லை. ராஜசேகரனுக்கு வேலை போயிடும். அப்போ தங்கச்சி ராதா தான் சேர்த்து வெச்ச ஆயிரம் ரூபாயை எடுத்துக் கொடுப்பா. பொம்மை செஞ்சு வித்துச் சேர்த்த காசு. அந்த ஆயிரத்துல ஆரம்பிச்ச தொழில்தான் பின்னாடி ஃபேக்டரி, பங்களா, கார் எல்லாம். அதாவது முதல் போட்டது தங்கச்சி! நம்ம ஊரு கணக்குப்படி பார்த்தா ராதா வெறும் தங்கச்சி இல்லைங்க, பார்ட்னர். இதை எங்கயாவது யாராவது பேசி நான் கேட்டதில்லை. அந்த ஆயிரம் ரூபாயும் பாசக் கணக்குல போயிடுச்சு.

இந்தக் கதை பாசமலர்ல ஆரம்பிச்சதும் இல்லை. நல்லதங்காள் கதை எல்லாருக்கும் தெரியும். பஞ்சம் வந்து, ஏழு குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு பொறந்த வீட்டுக்கு வருவா. அண்ணன் வேட்டைக்குப் போயிருப்பான். அண்ணி மூளி அலங்காரி கதவைச் சாத்துவா. ஏழு குழந்தைங்களையும் கிணத்துல தள்ளிட்டு இவளும் விழுந்துடுவா. இதை சேலம்காரங்களே 1935ல சினிமாவா எடுத்தாங்க, ஏஞ்சல் ஃபிலிம்ஸ்னு. அதுல இருந்த டி.ஆர்.சுந்தரம்தான் அப்புறம் மாடர்ன் தியேட்டர்ஸ் ஆரம்பிச்சாரு. இப்ப ஏற்காடு ரோட்டுல வளைவு மட்டும் நிக்குதே, அதேதான். மலையாளத்தின் முதல் பேசும்படம் பாலன், 1938ல அதே கம்பெனி தயாரிப்பு. அதுலயும் தாயில்லாப் பையனும் அவன் கூடப்பொறந்தவளும் சித்தி கையில படுற பாடுதான் கதை. மந்திரி குமாரி, அலிபாபான்னு வாள் சண்டை எடுத்த கம்பெனிக்கும் கண்ணீர்தான் கைமுதல் போல.

அதுக்கும் முன்னாடி போனா அண்ணன்மார் சாமி கதை. பொன்னர், சங்கர் சண்டையில விழுந்து கிடக்க, தங்கச்சி படுகளம் தேடிப் போய் அழுது எழுப்புவா. அவ பேரும் அருக்காணி நல்லதங்காள்தான்! உடுக்கையடிச்சு அந்த இடத்தைப் பாடும்போது கூட்டத்துல பெரிய பெரிய ஆளுங்கல்லாம் விம்முவாங்க. கொங்கு நாட்டுல ஆம்பளை அழுதா கேவலமில்லைன்னு அனுமதி இருக்கிற சில இடங்கள்ல அது ஒண்ணு. அப்புறம் இருட்டான சினிமாக் கொட்டகை வந்து இன்னொரு இடம் கொடுத்துச்சு.

நிற்க. இந்தக் கதைகள்ல நமக்குக் கண்ணீர் வர்றது சரியா எந்த இடத்துலன்னு கவனிச்சிருக்கீங்களா?

முள்ளும் மலரும் (1978) எடுத்துக்கோங்க. மகேந்திரன் படம், ரஜினியோட நல்ல படங்கள்ல ஒண்ணு. காளிக்குத் தங்கச்சி வள்ளின்னா உயிரு. அவளுக்குப் பிடிச்ச இன்ஜினியர் மாப்பிள்ளையை இவனுக்குப் பிடிக்கலை. கடைசியில கல்யாணத்துக்குப் போயிட்டிருக்கிற வள்ளி, எல்லாத்தையும் விட்டுட்டு அண்ணன்கிட்ட ஓடி வருவா. அவ ஓடி வந்த பிறகுதான் அவன் மனசு நிறைஞ்சு, அவனே அவளை அனுப்பி வைப்பான். அற்புதமான சீன், நான் ஒத்துக்கறேன். ஆனா கொஞ்சம் யோசிச்சா, அவ விட்டுக்கொடுத்த அப்புறம்தானே அவளுக்கு அது கிடைக்குது? முதல்லயே "எனக்கு இது வேணும்"னு நின்னிருந்தா நாம அழுதிருப்போமா, திட்டியிருப்போமா?

கிழக்குச் சீமையிலே (1993) விருமாயிக்கும் அதே கதி. அண்ணனுக்கும் புருசனுக்கும் நடுவுல நின்னு நசுங்குறா. அவ நசுங்க நசுங்க நமக்கு அழுகை கூடுது.

என் கருத்து இதுதான். அண்ணன் தங்கச்சி படத்துல நம்மைத் தவறாம அழ வைக்கிறது வெறும் பாசம் மட்டும் இல்லை. தங்கச்சி கேக்காம விட்டுக்கொடுக்கிற அந்த நிமிசம்தான். அந்த நிமிசத்தை மியூசிக் இல்லாமப் பார்க்கணும்னா சப்-ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போகணும்.

எங்க அம்மாவுக்குக் கூடப்பொறந்தவங்க மூணு பேரு, எல்லாம் அண்ணன்மாருங்க. தாத்தா போன பிறகு, 1994ல ஒரு நாள் அம்மாவைக் காரு வெச்சுக் கூட்டிட்டுப் போனாங்க. பட்டுச்சேலை கட்டச் சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. குச்சிக்கிழங்கு போட்டிருந்த மேட்டுக்காடு, கிணத்துப் பங்கு, எல்லாத்துலயும் தனக்கு எந்தப் பாத்தியமும் இல்லைன்னு விடுதலைப் பத்திரம். படிச்சுக் காட்டுனாங்களான்னு கேட்டேன். "என்னத்தப் படிக்கறது கண்ணு, அண்ணங்கதான"ன்னுச்சு. வர்ற வழியில ஓட்டல்ல டிபன் வாங்கிக் கொடுத்தாங்களாம். அதைத்தான் சந்தோசமாச் சொல்லுச்சு.

மாமனுங்க கெட்டவங்களான்னா, இல்லவே இல்லை. எங்களுக்குக் காது குத்துல இருந்து அக்காவுக்குச் சீர் வரைக்கும் ஒரு குறையும் வெக்கலை. அதனாலதான் இதைப் பேசவே கஷ்டமா இருக்கு. வில்லன் இருந்தா கதை சுலபம்.

"நீ ஏம்மா கேக்கலை"ன்னா அம்மாவோட பதில்: "கேட்டா காடு வரும் கண்ணு, பொறந்த ஊடு போயிரும். நாளைக்கு நான் செத்தா கோடி போட யாரு வருவா?"

இதுக்கு என்கிட்ட பதில் இல்லை. எங்க பக்கம் பொம்பளைக்குக் கடைசித் துணி பொறந்த வீட்டுல இருந்து வரணும். அந்த ஒரு துணிக்காகக் காட்டை எழுதிக் கொடுத்தவங்க எத்தனை பேரு இருப்பாங்கன்னு நினைச்சாலே மனசு கனக்குது.

சட்டம் என்ன சொல்லுதுன்னும் பார்த்துடுவோம். 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்துலயே, உயில் எழுதாமப் போன அப்பாவோட பங்குல மகளுக்கும் பங்கு உண்டு. பரம்பரைச் சொத்துல பிறப்புரிமைதான் இல்லாம இருந்துச்சு. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுலயே பெண்ணுக்குச் சமச் சொத்துரிமைன்னு தீர்மானம் போட்டாங்க. அது தமிழ்நாட்டுல சட்டமாக அறுபது வருசம் ஆச்சு. கலைஞர் ஆட்சியில, 25-3-1989 முதல்னு தேதி போட்டு வந்துச்சு. ஆனா அந்தத் தேதிக்கு முன்னாடியே கல்யாணம் ஆனவங்களுக்கு இல்லைன்னுட்டாங்க. 2005ல மத்திய அரசு நாடு முழுக்கத் திருத்தம் கொண்டு வந்து அந்த வித்தியாசத்தையும் எடுத்துச்சு. அந்தத் திருத்தம் வந்தப்போ அப்பா உயிரோட இல்லாட்டியும் மகளுக்கு உரிமை உண்டுன்னு சுப்ரீம் கோர்ட் 2020ல சொல்லிடுச்சு. ஆக, சட்டம் ரொம்ப தூரம் வந்தாச்சு. அந்தச் சட்டத்தால கையெழுத்து கட்டாயமாச்சு. கையெழுத்து கட்டாயமானதால பட்டுச்சேலையும் காரும் டிபனும் வந்துச்சு. அவ்வளவுதான் மாற்றம்.

எதிர்க்கட்சி வாதமும் எனக்குத் தெரியும். "நகை போட்டோம், சீர் செஞ்சோம், அப்பா அம்மாவைக் கடைசி வரைக்கும் நாங்கதான் பார்த்தோம், கடனையும் நாங்கதான் கட்டுனோம். இருக்கிறது ரெண்டு ஏக்கர், அதையும் துண்டு போட்டா யாருக்கு ஆகும்?" இதுல நியாயம் இல்லாம இல்லை. வயசான காலத்துல பார்த்துக்கிட்டதுக்கு விலை உண்டு. அப்ப அதைக் கணக்காவே வையுங்க. நகை இவ்வளவு, சீர் இவ்வளவு, வைத்தியச் செலவு இவ்வளவு, காட்டோட இன்னிக்கு விலை இவ்வளவுன்னு ஒரு தாள்ல எழுதித் தங்கச்சி முன்னாடி வெச்சுட்டு அப்புறம் கையெழுத்து கேளுங்க. அவ "வேண்டாம்ணா"ன்னு சொன்னா அது அவ கொடுத்த தானம். தாளே வெக்காம வாங்குனா அதுக்குப் பேரு வேற. பைபாஸ் வந்த பிறகு அந்தக் காடெல்லாம் சதுர அடி கணக்குல போகுது, மறந்துடாதீங்க.

இன்னொண்ணு. இந்தக் கதைகள்ல கெட்டவங்க யாருன்னு பாருங்க. நல்லதங்காள்ல அண்ணி. பாசமலர்ல வீட்டுக்குள்ள வந்து கலகம் பண்ற அத்தைக்காரி. பாலன்ல சித்தி. எல்லாம் வெளியில இருந்து வந்த பொம்பளைங்க. அண்ணன் மட்டும் எப்பவும் தங்கம். கதவைச் சாத்துற நேரத்துல சரியா அவன் வேட்டைக்குப் போயிருப்பான்! அது எவ்வளவு வசதியான ஏற்பாடு பாருங்க. ஆனா ரிஜிஸ்தர் ஆபீஸ்ல எந்த அண்ணனும் வேட்டைக்குப் போறதில்லை. பேனாவைத் திறந்து கையில கொடுக்கிறதே அவருதான்.

சினிமா அண்ணன்கள் கண்ணைக் கொடுப்பாங்க, உயிரைக் கொடுப்பாங்க. எங்க ஊரு தங்கச்சிங்க யாரும் கண்ணைக் கேக்கலை. உயிரையும் கேக்கலை.

அழாதீங்கன்னு சொல்ல வரலை. அழுங்க. பாசமலர் நல்ல படம், அழ வேண்டிய படம்தான். மூக்கைச் சிந்தி முடிச்ச பிறகு, அந்தத் துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு பீரோவைத் திறந்து, பழைய பத்திரத்துல தங்கச்சி போட்ட கையெழுத்தை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. ராதாவோட ஆயிரம் ரூபாய் எந்தக் கணக்குல இருக்குன்னு தெரிஞ்சுடும்.

டிஸ்கி: எங்க மாமனுங்க இதைப் படிக்க வாய்ப்பில்லை. படிச்சாலும் பரவாயில்லை, அடுத்த பொங்கச் சீர் வழக்கம்போல வரும். அவங்க அவ்வளவு நல்லவங்க. அதுதாங்க பிரச்சினையே.