இடி கேட்டால் ஆட்டம் நிற்கட்டும்

சித்திரை விடுமுறை பிறந்துவிட்டால் எம் பிள்ளைகளை வீட்டினுள் காண்பது அரிது. மட்டையும் பந்துமாகப் புறப்படுவோர் பொழுதுபட்ட பின்னரே திரும்புவர். வெயிலைப்பற்றியும் கிணற்றைப்பற்றியும் எச்சரிக்கப் பெற்றோர் தவறுவதில்லை. பிற்பகலிற் கறுத்தெழும் மேகத்தைப்பற்றி மட்டும் ஏனோ பேசுவாரில்லை.

இலங்கையில் இடிமின்னல் மிகும் காலங்கள் இரண்டு. பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட பங்குனி, சித்திரை மாதங்கள் ஒன்று. ஐப்பசி, கார்த்திகை மற்றொன்று. பிள்ளைகள் ஆடும் பிற்பகலே பெரும்பாலும் இடிக்குரிய வேளையும் ஆகும்.

நாம் சிறுவராயிருந்தபோது எமதூர் மைதானத்தின் ஓரத்தில் ஒரு புளியமரம் நின்றது. முதற்றுளி விழும்வரை ஆடுவோம். விழுந்ததும் மரத்தடிக்கு ஓடுவோம். இரண்டுமே பிழை என்பது அப்போது எமக்குத் தெரியாது. மின்னல் மழைக்காகக் காத்திராது. மழை பெய்யும் இடத்துக்குப் பத்துக் கிலோமீற்றர் அப்பாலும், தலைக்குமேல் வெயில் எறிக்கையிலும் விழக்கூடும். மரமோ உயர்ந்து நிற்பதால் அதனை ஏற்கும். ஏற்ற மின்சாரம் அடிமரத்திலிருந்து அருகே நிற்பவர்மீது தாவும். வேரடி நிலத்திலும் பரவும். மரத்தடியில் ஒதுங்கிய மாடுகள் ஒரே அடியிற் கூட்டமாக மடிவது இதனாலேயே. முன்கால்களும் பின்கால்களும் தூரத் தூர ஊன்றியிருப்பதால் நிலத்து மின்சாரம் அவற்றின் உடலூடாகப் பாய்ந்துவிடுகின்றது.

பிள்ளைகளுக்கு ஒரு கணக்கைக் கற்பிப்போம். மின்னல் கண்ட கணத்திலிருந்து முழக்கம் கேட்கும்வரை விநாடிகளை எண்ணுக. ஒலி ஒரு கிலோமீற்றரைக் கடக்க ஏறக்குறைய 3 விநாடி செல்லும். 30 எண்ணுமுன் முழக்கம் கேட்டால் மின்னல் 10 கிலோமீற்றருக்குள் நிற்கின்றது; ஆட்டத்தை அப்போதே நிறுத்தவேண்டும். கடைசி முழக்கத்தின்பின் 30 நிமிஷம் கழியாமல் மைதானத்திற் கால்வைக்கலாகாது. “இன்னும் ஒரேயொரு ஓவர்” என்று கெஞ்சும் அணித்தலைவருக்கு நடுவர் செவிசாய்க்கக் கூடாது. நடுவர் இல்லாத வயல்வெளி ஆட்டங்களில் மூத்த பிள்ளையிடம் இப்பொறுப்பை முன்கூட்டியே ஒப்படைத்துவிடுவது நன்று.

ஒதுங்குதற்கு ஏற்றவை கல்வீடு, பாடசாலைக் கட்டடம், கதவு கண்ணாடி மூடிய கார் அல்லது பஸ். கிடுகுக் கொட்டிலும், பக்கம் திறந்த பந்தலும், முச்சக்கரவண்டியும் மழையை மறைக்குமேயன்றி மின்னலை மறைக்கா. குளத்திலோ கடலிலோ நீராடுவோர் உடனே கரையேறி இத்தகைய இடத்தை நாடுதல் வேண்டும்.

இவற்றிலும் கொடிய பிழை ஒன்றுண்டு. மின்னல் தாக்கியவரைத் தொட்டால் தமக்கும் மின்சாரம் பாயுமென அஞ்சிப் பலர் விலகி நிற்கின்றனர். தாக்குண்டவர் உடலில் மின்சாரம் தங்குவதில்லை. மூச்சும் நாடியும் நின்றிருந்தால், நெஞ்சின் நடுவே இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை விட்டுவிட்டு அழுத்துதல் வேண்டும். இறந்தாரெனக் கருதப்பட்டோர் இவ்வாறு பிழைத்தெழுந்ததுண்டு. அதேவேளை மற்றொருவர் 1990 என்னும் இலக்கத்தில் ‘சுவசெரிய’ அம்புலன்ஸை அழைக்கலாம். கைத்தொலைபேசி மின்னலை இழுக்குமென்பது வீண்பயம்.

இடி முழங்கினால் அருச்சுனன் பெயரைச் சொல்வது எம்மவர் வழக்கம். எமது ஆச்சியும் சொல்வார். ஆனால் “உள்ளே வாருங்கோ” என்று வாசலில் நின்று எங்கள் எல்லோரையும் அழைத்து, தலைகளை எண்ணிக் கதவைச் சாத்திய பின்னரே அருச்சுனனுக்கு முறை வரும்.